கப்பல் பாட்டைப் போடாத சனிக்கிழமை

புதிதாக மைக் முன்னால் உட்கார வந்திருப்பவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். வாயை மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது, எந்த இடத்தில் மூச்சு விடுவது என்பதெல்லாம் ஒரு வாரத்தில் தானாகப் பிடிபட்டுவிடும். அதைச் சொல்ல நான் இத்தனை படி ஏறி வந்திருக்க வேண்டியதில்லை. என் முட்டியும் அதற்குச் சம்மதிக்காது. பிடிபட நாளாகும் விஷயம் ஒன்று உண்டு. எதைப் போடுவது, எதைப் போடாமல் விடுவது. இத்தனை வருட வானொலி வேலையில் அதை எனக்குத் தெளிவாகக் காட்டியது ஒரு சனிக்கிழமைக் காலை. காட்டியவர்கள் ஓய்வுபெற்ற ஒரு சமையல்காரர், கருவாடு போடும் ஒரு பெண், பிறகு அமெரிக்காவின் மலைக்காட்டில் எப்போதோ பாடி முடித்துவிட்டுப் போன அக்கா தங்கை இரண்டு பேர்.

சமையல்காரர் பெயர் ஹபீப். எல்லோருக்கும் ஹபீப் பாய். திருமலைராயன்பட்டினத்துக்காரர். வளைகுடாவில், நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளில் பாதி ஆயுளைச் சமைத்துப் போட்டுக் கழித்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே அவரோடு வேலை பார்த்த அமெரிக்கர் ஒருவர், தன் பாட்டனார் ஊர்ப் பாட்டுகள் என்று சொல்லி ஒரு பை நிறையக் கேசட் கொடுத்திருக்கிறார். பாய் அதற்குப் பதிலாகத் தினமும் அவருக்கு மட்டும் தனியாக மீன் குழம்பு வைத்தாராம். யார் யாரை ஏமாற்றினார்கள் என்பது இன்றுவரை தெளிவாகவில்லை.

அந்தக் கேசட்டுகளையெல்லாம் ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு ஒருநாள் நம் நிலையத்துக்கு வந்து நின்றார். "தங்கச்சி, இத ஒரு வாட்டி கேளுங்க. புடிக்கலன்னா நா டீ குடிச்சிட்டுப் போயிடுறேன்" என்றார்.

கேட்டேன். முதலில் எண்ணெயில் கடுகு வெடிப்பது போல ஒரே பொரியல் சத்தம். அதற்குப் பின்னால், பக்கத்து வீட்டிலிருந்து கேட்பதுபோல, ஒரு கிட்டாரும் பறைத்தோலில் தந்தி கட்டியது போன்ற ஒரு வாத்தியமும். பாஞ்சோ என்றார் பாய். அதற்கும் பின்னால் மூக்கால் பாடுகிற ஒரு ஆண் குரல். குரலில் குழைவு இல்லை, நெளிவு இல்லை. பால்காரர் கணக்குச் சொல்வது போலப் பாடினார். "என்ன பாய் பாடுறாரு?" என்றேன். "பெத்த புள்ளைய அடக்கம் பண்ணிட்டு வூட்டுக்கு நடந்து வர்றாரு" என்றார் பாய்.

நான் மறுபடி ஒரு தரம் போடச் சொன்னேன். டீ வந்தது. பாய் போகவில்லை.

இந்தப் பாட்டுகள் எப்படிப் பதிவாகின என்பதையும் அவர்தான் சொன்னார். இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் சின்னச் சின்ன ஊர்களுக்குக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு போய், பாடத் தெரிந்தவர்கள் வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். விவசாயி, மில் தொழிலாளி, சுரங்கத்தில் வேலை செய்பவர், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த பெண்கள். வந்தார்கள், பாடினார்கள், போய்விட்டார்கள். இடையில் தும்மினால் தும்மியதுதான். வெட்டி ஒட்டுகிற வேலையெல்லாம் கிடையாது.

நம் நிலையக் குழுவுக்கு அப்போது ஒரு செயலாளர் இருந்தார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற நல்ல மனிதர். எதையும் தேவை, தேவையில்லை என்று இரண்டாகப் பிரித்துவிடுவார். "நம்மூர்ல நாட்டுப்பாட்டுக்கு என்ன பஞ்சங்க? நாத்து நடுற பாட்டு இருக்கு, ஏலேலோ இருக்கு. அமெரிக்காக்காரன் நாட்டுப்பாட்டு காரைக்காலுக்கு எதுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஹபீப் பாய்தான் பதில் சொன்னார்: "சார், இவுங்க நமக்காவப் பாடலீங்க. வேலைய முடிச்சிட்டு வந்து, அவுங்களுக்காவப் பாடிக்கிறாங்க. நாம சன்னலுக்கு வெளிய நின்னு கேக்குறோம். நமக்காவப் பாடுறவன நம்பலாமா கூடாதான்னு யோசிக்கணும். இவுங்கள யோசிக்க வேணாம்." செயலாளர், இவ்வளவு பழைய பாட்டுக்கு யாருக்கும் உரிமைத் தொகை கட்ட வேண்டாமே என்பதை உறுதிப்படுத்திக்கொண்டு, சனிக்கிழமை காலையில் அரை மணி நேரம் ஒதுக்கிக் கொடுத்தார்.

யார் கேட்கப் போகிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். முதல் வாரமே ஒருவர் போன் செய்தார்: "உங்க ரேடியோவுக்குள்ள மழ பெய்யுதா?" அடுத்த வாரம் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற பெரியவர் ஒருவர் கூப்பிட்டு, அமெரிக்கப் பாட்டுப் போடுகிறீர்களே, பிரெஞ்சுப் பாட்டு என்ன பாவம் செய்தது என்று சண்டை பிடித்தார். பிடித்துவிட்டு, வாரா வாரம் கேட்டார். பாய் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அதன் கதையைப் பட்டினத்துப் பேச்சில் சொல்வார். பிறகு பாட்டு. அவ்வளவுதான் நிகழ்ச்சி. பாடகர்களின் பெயர் யாருக்கும் வாயில் நுழையாததால் நேயர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். மூக்கால பாடுற அண்ணன். தொண்ட உடையுறவரு. பெட்டி தட்டுற குடும்பம்.

அந்தப் பழைய பாட்டுகளில் பாதி, கொலை. காதலியை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போய் ஆற்றில் தள்ளிவிட்ட ஒருவனின் பாட்டை ஒரு வாரம் போட்டோம். பாட்டு அவன் ஊருக்குத் திரும்பி நடப்பதோடு நின்றுவிடும். நிகழ்ச்சி முடிவதற்குள் போன் மேல் போன். எல்லோருக்கும் ஒரே கேள்வி. "அந்தப் பய புடிபட்டானா இல்லையா?" திருநள்ளாற்றுப் பக்கத்திலிருந்து பேசிய ஒரு அம்மாள், அது தெரியாமல் உலை வைக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். ஹபீப் பாய் மைக்கை இழுத்து, "புடிச்சிட்டாங்கம்மா, தூக்குலயும் போட்டுட்டாங்க, நீங்க போயி சோத்த வடிங்க" என்றார். வெளியே வந்ததும், "பாட்டுல அப்படி இல்லையே பாய்?" என்று கேட்டேன். "இல்லதான். அந்தம்மா வூட்ல புள்ளைங்க பசியோட இருக்குமுல்ல?" என்றார்.

பூங்கொடியும் அப்படிப் போனில் வந்தவள்தான். பட்டினத்துக் கடற்கரையில் கருவாடு போடுகிறவள். மீனைக் கீறி உப்புத் தடவிக் காயவைக்கும்போது பக்கத்தில் ரேடியோ பாடிக்கொண்டிருக்க வேண்டும் அவளுக்கு. கணவன் சேகர் பைபர் படகில் மீன்பிடிக்கப் போகிறவன். "அக்கா, மூக்கால பாடுற அண்ணன் இந்த வாரம் வரலியா? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்பாள். அவர் செத்துப் பல காலமாகிறது என்று சொல்ல எனக்கு மனம் வராது. "அடுத்த வாரம் வர்றாரு" என்பேன்.

நான் சொல்ல வந்த சனிக்கிழமைக்கு முந்தைய வாரம், நிகழ்ச்சியை முடிக்கும்போது பாய் வழக்கம்போல அடுத்த வாரத்துப் பாட்டைச் சொல்லி ஆசை காட்டினார். "அடுத்த வாரம் கப்பல் பாட்டு. அக்கா தங்கச்சி ரெண்டு பேரு பாடுனது. புயல்ல மாட்டுன ஒரு கப்பலு, கரையில காத்துக்கெடக்குற ஒரு பொம்பள. என்னா ஆச்சுன்னு அடுத்த வாரம் கேளுங்க."

அந்த அடுத்த வாரம் வந்தது. ஐப்பசி மழை விட்டு, வெயில் பளிச்சென்று அடித்த காலை. நான் பாட்டுகளை வரிசைப்படுத்தி வைத்துவிட்டுப் பாய்க்காகக் காத்திருந்தேன். வந்தவர் தலையிலிருந்த ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"தங்கச்சி, பூங்கொடி வூட்டுக்காரன் போன படகு இன்னும் கரைக்கி வரல. நேத்து சாயங்காலம் போனது. கூடப் போனதெல்லாம் விடியக்காலமே வந்துடிச்சி. நாலு பேரு இருக்காங்க அதுல. போன் போட்டா போவமாட்டங்குது. கரையில ஒரே கூட்டம். தேடுறதுக்கு ரெண்டு லாஞ்ச்சு போயிருக்கு."

நிகழ்ச்சி தொடங்கச் சில நிமிடங்கள்தான் இருந்தன. கணினித் திரையில் முதல் பாட்டாகக் கப்பல் பாட்டு தயாராக நின்றது. பாய் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அப்போது செயலாளரிடமிருந்து போன். அவருக்கும் செய்தி போயிருந்தது. "அந்த முழுகுற பாட்ட இன்னைக்கி போட்டுத் தொலைச்சிடாதீங்க. நிகழ்ச்சியே வேண்டாம். பேசாம சாமிப் பாட்டாப் போட்டு அரை மணி நேரத்த ஓட்டிடுங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். எனக்கும் கை அந்தப் பக்கம்தான் போனது.

போன கையை நிறுத்தியது ஒரு பழைய ஞாபகம். நான் முதன்முதலாக வேறு ஊர் வானொலி ஒன்றில் தற்காலிக அறிவிப்பாளராகச் சேர்ந்தபோது, எனக்குத் தொழில் சொல்லித் தந்த மூத்த அறிவிப்பாளர் ஒருவர் இருந்தார். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். ஒருநாள் பிற்பகல் விவசாய நிகழ்ச்சியின் நாடா அறுந்துவிட, அவசரத்தில் கைக்குக் கிடைத்த வயலின் தட்டை அவர் சுழலவிட்டிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் நிலையத்துக்கு வரிசையாகப் போன்: "யாருங்க போயிட்டா?" பெரிய தலைவர்கள் இறந்தால் வானொலியில் சோக வயலின் வரும் என்பது ஊருக்கே தெரியுமல்லவா? கடைத்தெருவில் ஷட்டரை இறக்க ஆரம்பித்துவிட்டார்களாம். "பாட்டு மட்டும் பேசுறது இல்லம்மா. பாட்டு மாறினா, மாறினதும் பேசும்" என்பார் அவர்.

பட்டினத்துக் கரையில் அந்த நிமிடம் எத்தனை ரேடியோ திறந்திருக்கும்? சனிக்கிழமை இந்த நேரத்துக்குப் பாய் வந்து கதை சொல்லுவார் என்று அத்தனை பேருக்கும் தெரியும். அவர் வராமல் சாமிப் பாட்டு வந்தால், ரேடியோக்காரர்களுக்கு ஏதோ தகவல் வந்துவிட்டது, சொல்லாமல் மறைக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். நம்முடையது சமுதாய வானொலி என்பதால் செய்தி வாசிக்க அனுமதியும் இல்லை. எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றுகூட மைக்கில் சொல்ல முடியாது.

"சார், நிகழ்ச்சி வழக்கம்போலப் போகட்டும். கப்பல் பாட்டு மட்டும் வேண்டாம்" என்றேன். "உங்க பொறுப்பு" என்று போனை வைத்துவிட்டார். பொறுப்பு என்ற சொல்லை இப்படித் தூக்கிக் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். உங்களுக்கும் கொடுப்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் வாதாடுவது வீண்.

சிவப்பு விளக்கு எரிந்தது. பாய் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். குரலில் எந்த மாற்றமும் இல்லை. "எல்லாருக்கும் சலாம், வணக்கம். போன வாரம் சொன்ன பாட்ட வேற ஒருநாளைக்கி வச்சிக்குவோம். இன்னைக்கி ரயில்வேயில லைன் போட்டவங்க பாட்டு" என்று தொடங்கி, கதையைச் சொல்லி, பாட்டையும் போட்டுவிட்டார். அடுத்த பாட்டு கோழி திருடியவனின் பாட்டு. அதுவும் ஓடியது.

நிலையத்தின் செல்போன் அடித்தது. வரும் அழைப்பை நாம் நேராக ஒலிபரப்பில் விடுவதில்லையே; எடுத்துக் காதில் வைத்தேன்.

"அக்கா, நா பூங்கொடி."

"சொல்லு பூங்கொடி" என்றேன்.

"கப்பல் பாட்டு ஏங்க்கா போடல?"

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"எனக்காவத்தான போடல?"

"ஆமா பூங்கொடி."

"காலையிலேர்ந்து வர்ற சனமெல்லாம் ஒண்ணு கட்டிப்புடிச்சி அழுவுது. இல்லன்னா ஒண்ணும் ஆவாது ஒண்ணும் ஆவாதுங்குது. ரெண்டையும் என்னால கேக்க முடியலக்கா. இந்தப் பாட்டுல பாடுறவங்க அழுவமாட்டாங்கல்ல. அதப் போடுங்கக்கா. அந்தப் பொம்பள என்னா பண்ணான்னு நா கேக்கணும்."

இவ்வளவு தெளிவாக, எந்தச் சங்கீத விமரிசகரும் எனக்கு அந்தப் பாட்டுகளை விளக்கியதில்லை. ஆனால் அப்போது அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. கோழித் திருடன் முடியப் போகிறான்.

கேட்பவள் பூங்கொடி. அவளுக்குக் கேட்க உரிமை இருக்கிறது. அவளைவிட யாருக்கு இருக்கும்? ஆனால் படகில் நாலு பேர். மற்ற மூன்று வீடுகளும் கேட்கவில்லை. அந்த வீடுகளில் யாராவது ஒரு அம்மா, யாராவது ஒரு தங்கை, ரேடியோவில் கப்பல் பாட்டு வந்ததும் மார்பில் அடித்துக்கொண்டால்? போடு என்றது ஒரு மனம். போடாதே என்றது இன்னொன்று. இரண்டுமே சரியாக இருந்ததுதான் தொல்லை.

பாய் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோழித் திருடன் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய் அவரிடம் போனை நீட்டினேன். "பாய், நீங்க பக்கத்து ரூமுக்குப் போங்க. அங்க கம்ப்யூட்டர்ல பாட்டு இருக்கு. ஸ்பீக்கர் பக்கத்துல போன வச்சி இவளுக்கு மட்டும் போட்டுக் காட்டுங்க. ஒலிபரப்ப நான் பாத்துக்கறேன்."

அவர் போனை வாங்கிக்கொண்டு எழுந்து போனார். ஆண்டெனா இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் ஊருக்கே போட வேண்டியதில்லை. நான் அன்று செய்தது அவ்வளவுதான். பெரிய யோசனை ஒன்றும் இல்லை. பிறகு யோசித்தால் யாருக்கும் தோன்றக்கூடியது. அந்த நேரத்தில் தோன்றியதே என்றுதான் இன்றும் ஆச்சரியம்.

இப்போது என் பாடு. பாய் இல்லாமல் கதை சொல்ல எனக்கு வராது. வார்த்தை இல்லாத வாத்தியத் தட்டுகளைத் தேடினேன். முதலில் கண்ணில் பட்டது மெதுவான ஒரு பிடில். தொடப் போன விரலை இழுத்துக்கொண்டேன். சோக வயலின்! கடைத்தெருவையே மூடவைத்த சாமான். அதற்குக் கீழே, கல்யாண வீட்டில் ஆடுவதற்கு வாசிக்கும் துள்ளல் பிடில் ஒன்று இருந்தது. வாசிப்பவரே காலால் தரையைத் தட்டித் தாளம் போட்டுக்கொள்வார். அதைத் தட்டிவிட்டேன். "கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கிட்டே கேளுங்க" என்று மட்டும் சொன்னேன். என் கால் மேசைக்கடியில் வேறு காரணத்துக்காக ஆடிக்கொண்டிருந்தது.

பழைய இசைத்தட்டுகள் எல்லாம் சின்னவை. எடுத்து வைப்பதற்குள் முடிந்துவிடும். பிடில் முடிந்தது, பாஞ்சோ போட்டேன். பாஞ்சோ முடிந்தது, வாயால் ஊதும் மவுத் ஆர்கனில் ரயில் போல ஓட்டுகிற ஒருவரைப் போட்டேன். பாயைக் காணோம். என் செல்போனில் செயலாளரின் வாட்ஸப் வந்தது: "பாடுறவங்க எல்லாம் எங்க போயிட்டாங்க?" மறுபடி ஒரு பிடில்.

பக்கத்து அறையில் நடந்ததைப் பாய் பிறகு சொன்னார். பூங்கொடி கூட்டத்தை விட்டு விலகி, மீன் ஏலக் கூடத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாளாம். பாட்டு ஓட ஓட, ஒவ்வொரு அடிக்கும் பாய் அர்த்தம் சொல்லியிருக்கிறார். பாட்டு இதுதான். கப்பல் புயலில் மாட்டிக்கொள்கிறது. அதற்குமேல் கப்பலைப் பற்றிப் பேச்சே இல்லை. கரையில் அதில் போன மாலுமி ஒருவனின் மனைவி ராச்சாப்பாட்டுக்கு இரண்டு தட்டு வைக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து, இனி ஒரு தட்டு போதுமே என்கிறாள். அவன் பங்கையும் நானே சாப்பிட்டுக்கொள்கிறேன், நாளைக்கும் இரண்டு தட்டுதான் வைப்பேன் என்கிறாள் இவள். அவ்வளவுதான். இரண்டு சகோதரிகளும் இதை, கடையில் சாமான் சொல்வதுபோல, ஒரே தொனியில் பாடி நிறுத்திவிடுகிறார்கள்.

"அவன் வந்தானா?" என்று கேட்டிருக்கிறாள் பூங்கொடி.

ஆற்றில் தள்ளியவனைத் தூக்கில் போட்டவர் ஹபீப் பாய். இவனைக் கரையேற்ற அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? "நாக்கு நுனி வரைக்கும் வந்துடிச்சி தங்கச்சி" என்றார் என்னிடம். ஆனால் சொல்லவில்லை. "பாட்டு அங்கயே நின்னுடுதும்மா. தட்டு வக்கிறா. அதோட முடிஞ்சிது" என்றிருக்கிறார்.

பிறகு பூங்கொடி, "வரலன்னும் சொல்லலல்ல?" என்று கேட்டாள்.

"சொல்லல."

"அது போதும். இன்னொருவாட்டி போடுங்க பாய்."

இன்னொரு முறை போட்டார். இரண்டாவது முறை ஓடும்போது போனில் வேறு ஒரு பெண்ணின் மூச்சும் கேட்டதாம். படகில் போன இன்னொருவனின் மனைவியாக இருக்கலாம். யார் என்று பாய் கேட்கவில்லை.

நிகழ்ச்சி நேரம் முடிந்து, வானிலை அறிவிப்பும் படித்துவிட்டு நான் வெளியே வந்தபோது பாய் படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். "நா ஏதாவது நல்லதா சொல்லியிருக்கணுமோ?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. இருவரும் மதியச் சாப்பாட்டை மறந்து அங்கேயே உட்கார்ந்திருந்தோம். கீழே கீழவாஞ்சூர்த் துறைமுகத்துக்குப் போகும் நிலக்கரி லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பாய் வாய்க்குள்ளேயே துஆ ஓதிக்கொண்டிருந்தார்.

பிற்பகலில் அவருக்குப் போன் வந்தது. எடுத்தவர், "அல்ஹம்துலில்லாஹ்!" என்று ஒரு கத்துக் கத்தினார். கீழே டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். எஞ்சின் நின்றுபோய், நீரோட்டத்தில் தெற்கே வேதாரண்யம் பக்கம் அடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நாகப்பட்டினத்து விசைப்படகு ஒன்று பார்த்துக் கயிறு கட்டி இழுத்து வந்துகொண்டிருக்கிறது. நாலு பேரும் பத்திரம்.

இதோடு கதை முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை, நிகழ்ச்சிக்கு முன்னால், சேகர் படியேறி வந்தான். வெயிலில் கறுத்து உரிந்த முகம். கையில் ஒரு பை நிறைய வஞ்சிரம். பின்னாலேயே பூங்கொடி. மீனைக் கொடுத்துவிட்டு நன்றி சொல்லப் போகிறான் என்று நான் எழுந்து நின்றால், சண்டைக்கு வந்திருக்கிறான்.

"ஏங்க்கா, நா எஞ்சினு நின்னுபோயி கடல்ல கெடக்குறேன். நீங்க எம்பொண்டாட்டிக்கி கப்பல் முழுகுற பாட்டப் போட்டுக் காட்டுனீங்களாமுல்ல?"

"முழுவல" என்றாள் பூங்கொடி. "முழுவுனதுன்னு பாட்டுல எங்கயும் இல்ல. தெரியாம பேசாத."

"அப்ப எனக்கும் போட்டுக் காட்டுங்க. நானும் கேக்குறேன்."

செயலாளரும் அன்று வந்திருந்தார். போன வாரம் பாடகர்கள் இல்லாமல் போனது எப்படி என்று விசாரிக்க வந்தவர், விஷயம் தெரிந்ததிலிருந்து ஓரமாக நின்றிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். "போடுங்களேன். சொன்ன பாட்டு பாக்கி நிக்குதே. ஊரே கேக்கட்டும்" என்றார்.

சேகரையும் பூங்கொடியையும் உள்ளே கூட்டிப் போய் மைக் முன்னால் உட்கார வைத்தோம். பாய் கதையைச் சொன்னார், ஒரு சொல்கூட அதிகம் இல்லாமல். பிறகு பாட்டு. மழை பெய்வது போன்ற அந்தப் பொரியல் சத்தத்துக்குள்ளிருந்து அக்காவும் தங்கையும் எழுந்து வந்து, தட்டு வைத்ததையும் பக்கத்து வீட்டுக்காரி வந்ததையும் சொன்னார்கள். சேகர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை புரியாது அவனுக்கு. பாய் சொன்ன கதையை வைத்துக்கொண்டு, இப்போது இது, இப்போது அது என்று விரலை மடக்கிக்கொண்டே வந்தான்.

பாட்டு முடிந்ததும் பூங்கொடி பக்கம் திரும்பினான். மைக் திறந்திருக்கிறது என்பதெல்லாம் அவனுக்கு நினைவில்லை.

"நீ சாப்டியா அன்னைக்கி?"

"சாப்டேன். ஒம் பங்கையும் சேத்துத்தான். பின்ன, ஒனக்காவப் பட்டினி கெடப்பாங்களா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செயலாளர் சத்தமாகச் சிரித்துவிட்டார். சேகர் சிரிக்கவில்லை. எதையோ யோசித்துக்கொண்டே இருந்தான். ஒலிபரப்பில் மௌனம் நீண்டுகொண்டு போனது. மௌனம் நீண்டால் ஏதாவது பேசி நிரப்ப வேண்டும் என்றுதான் நமக்கெல்லாம் பழக்கம். எனக்கும் வாய் துடித்தது. பாய் மேசைக்கடியில் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"பாய்" என்றான் சேகர் கடைசியில். "அந்தப் பொம்பளகிட்ட யாராச்சும் போயி சொல்லணும் பாய். எஞ்சினு நின்னுருக்கும், வேற போட்டுல கயிறு கட்டி இழுத்துக்கிட்டு வருவாங்க, அதான் நேரமாவுது, வந்துருவான்னு சொல்லணும். பாவம், ஒண்டியா ஒக்காந்திருக்கா."

அந்தக் கப்பலுக்கு எஞ்சினே கிடையாது, பாய்மரக் கப்பல் அது. பாடிய சகோதரிகள் இறந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அதை நானும் சொல்லவில்லை, பாயும் சொல்லவில்லை.

"சொல்லிடுறோம் தம்பி" என்றார் பாய்.